உண்ணியின் வரலாறும் வைரஸின் வரலாறும்: ரெங்கம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

தேனீக்களின் இறக்கைச் சிதைவு வைரஸ் பற்றி எழுதுகிற எவரும் லீனா வில்ஃபெர்ட் குழுவினர் 2016இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது. வரோவா உண்ணியின் துணையோடு அண்மைக் காலத்தில் உலகெங்கும் பரவிய கொள்ளைநோய் இது, பரவலின் மையம் ஐரோப்பியத் தேனீ என்பது அவர்கள் முடிவு. அதாவது, வைரஸ் அந்தத் தேனீயிடம் முன்பே இருந்தது. ஆசியாவிலிருந்து வந்த உண்ணி அதைக் கிளறிவிட்டது. பெட்டிகளையும் ராணித் தேனீக்களையும் கண்டம்விட்டுக் கண்டம் கொண்டுசென்ற மனிதர்களே நோயையும் கொண்டுசென்றார்கள் என்ற பகுதியில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அவர்கள் காட்டும் தொடக்கப் புள்ளியைத்தான் ஏற்க முடியவில்லை.

உண்ணியின் பங்கை யாரும் மறுக்கவில்லை. வளர்ந்த தேனீயின் கொழுப்புத் திசுவை அது உண்பதை 2019இல் சாமுவேல் ராம்சி குழு காட்டியது. அந்தக் கடிவாய் வழியே வைரஸ் நேரே உடலுக்குள் இறங்குகிறது. 2007இல் உண்ணி ஹவாய்க்கு வந்து சேர்ந்ததும், சுமார் 10 விழுக்காடு கூடுகளில் மட்டுமே இருந்த வைரஸ் எல்லாக் கூடுகளிலும் பரவியது. பல திரிபுகள் மறைந்து ஒன்றே மேலோங்கியது. ஆனால் அது ஐரோப்பியத் தேனீயின் கதை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ரெங்கம் வட்டாரத்தில் பழைய ரப்பர் தோட்டங்களின் மரப்பொந்துகளில் வாழ்ந்துவருவது ஆசியத் தேனீயான செரனா. தமிழ்நாட்டில் பொந்துத் தேனீ, அடுக்குத் தேனீ என்று அழைக்கப்படுவதும் இந்த இனமே. அதன் உண்ணியும் வேறு.

இந்த வேறுபாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1904இல் ஜாவாவிலிருந்து கிடைத்த மாதிரியை வைத்து ஆவுடெமான்ஸ் 'வரோவா ஜேக்கப்சோனி' என்று பெயரிட்டார். அடுத்த ஒரு நூற்றாண்டு, உலகில் எங்கே தேனீ உண்ணியைப் பார்த்தாலும் பெரும்பாலும் அந்தப் பெயரே ஒட்டப்பட்டது. 2000இல் டெனிஸ் ஆண்டர்சனும் ஜான் ட்ரூமனும் மரபணுவையும் உடல் அளவையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஜேக்கப்சோனியின் பெண் உண்ணி சராசரியாக 1063 மைக்ரான் நீளம், 1507 மைக்ரான் அகலம். ஐரோப்பியத் தேனீயை அழித்துவந்த உண்ணியோ 1167 மைக்ரான் நீளம், 1709 மைக்ரான் அகலம். அதற்கு 'வரோவா டிஸ்ட்ரக்டர்' என்று புதுப்பெயர் இட்டார்கள். அவர்கள் பிரித்த 18 மரபுத் திரிபுகளில் ஒன்பது மலேசிய-இந்தோனேசியப் பகுதியின் ஜேக்கப்சோனி. அன்றுவரை உலகின் ஐரோப்பியத் தேனீக் கூடுகளில் பெருகியவை இரண்டே திரிபுகள், இரண்டும் டிஸ்ட்ரக்டர். ஆகவே 2000க்கு முன் மலாயாவைப் பற்றி எழுதப்பட்ட உண்ணிக் குறிப்பு எதையும், அளவோ மாதிரியோ இல்லாமல், நோய் வரலாற்றுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

செரனாவின் கூட்டில் உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீயின் அறைகளில்தான் இனம்பெருக்குகிறது. வேலைக்காரத் தேனீயின் புழுக்கள் தப்பிவிடுகின்றன. உண்ணி இருந்தும் கூடு நிலைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

என் வாதத்தின் பாரம் முழுவதையும் தாங்குவது பாப்புவா நியூகினியிலிருந்து கிடைத்த சான்று. அங்கே 2008இல் ஜேக்கப்சோனி உண்ணியே ஐரோப்பியத் தேனீக்குத் தாவி இனம்பெருக்குவது தெரியவந்தது. தொடக்கத்தில் கூடுகள் அழிந்தன. பிறகு பத்தாண்டுகளுக்கு மேலாக மருந்தே இல்லாமல் கூடுகள் பிழைத்திருக்கின்றன. 2020இல் ஜான் ராபர்ட்ஸ் குழு அந்தத் தேனீக்களை ஆராய்ந்தபோது, சாக்புரூட் உள்ளிட்ட வேறு வைரஸ்கள் கிடைத்தன. இறக்கைச் சிதைவு வைரஸ் ஐரோப்பியத் தேனீயிலும் இல்லை, செரனாவிலும் இல்லை. உண்ணி இருக்கிறது, வைரஸ் இல்லை, பேரழிவு தொடரவில்லை. ரெங்கத்துச் செரனாவின் உண்ணிக்கு நெருங்கிய உறவு இந்த உண்ணிதான். எனவே, வெளியிலிருந்து பெட்டிகள் வரும்வரை ஜொகூர்ச் செரனாவிடமும் இந்த வைரஸ் இருந்திருக்காது என்று கருதுகிறேன். இது ஊகமே, பாப்புவாவின் தனிமை மலேசியத் தீபகற்பத்துக்குக் கிடையாது என்பதையும் மறைக்கவில்லை. ஆனாலும் 'ஆசிய உண்ணி' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதைவிட இந்த ஊகம் சான்றுக்கு அருகில் நிற்கிறது.

2023இல் ஹசெகவாவும் சக ஆய்வாளர்களும் முழு மரபணுத் தொகுப்புகளை ஒப்பிட்டு, வைரஸின் 'ஏ' வகை பெரும்பாலும் கிழக்காசியாவில் தோன்றி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியது என்றார்கள். வில்ஃபெர்ட் குழுவின் தொடக்கப் புள்ளி இதனால் ஆட்டங்காண்கிறது. 'பி' வகையோ கிழக்காசியாவுக்கு வெளியே, பிற்காலத்தில் வந்தது. இரண்டு வகைக்கும் ஒரே பிறப்பிடம் தேடுவது வீண். 'ஏ' வகை எந்தப் பத்தாண்டில் ஐரோப்பியத் தேனீக்குத் தாவியது என்பதும் இன்னும் முடிவாகவில்லை.

உண்ணியை எல்லா வைரஸுக்கும் வாகனமாக்கும் பழக்கத்துக்கு எதிராக இன்னொரு சான்று நம் பக்கமே உண்டு. 1976இல் தாய்லாந்தில் செரனாவிடம் கண்டறியப்பட்ட தாய் சாக்புரூட், 1990களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் வைத்திருந்த பெட்டிகளைக் காலியாக்கியது. மார்த்தாண்டத்துத் தேன் தொழில் அதில் நிலைகுலைந்தது. அந்த நோய் புழுவுக்குத் தீனி ஊட்டும் தேனீக்கள் வழியாகவும், பெட்டி மாற்றத்தாலும் பரவக்கூடியது, உண்ணி தேவையில்லை.

ரெங்கம் வட்டாரத்தைப் பொறுத்தவரை எஞ்சியிருப்பது கையால் செய்யக்கூடிய வேலை. 1980களில் மலேசியத் தீபகற்பத்தில் செரனா வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்ட காலத்து உண்ணி மாதிரிகள் சாராயக் குப்பிகளில் எங்கேனும் இருந்தால், அவற்றின் அகலத்தை அளந்தாலே எந்த உண்ணி என்பது பெருமளவு தெளிவாகும். அவற்றோடு சேர்த்து வைக்கப்பட்ட தேனீயில் வைரஸின் மரபுத் துணுக்கு மிஞ்சியிருந்தால், என் ஊகம் நிற்குமா விழுமா என்பதும் தெரிந்துவிடும்.