அதிர்வு ஆற்றல் அறுவடை

இயந்திரங்கள், பாலங்கள், ரயில் பாதைகள் ஆகியவற்றின் அதிர்வை மின்சாரமாக மாற்றிச் சிறு மின்னணுக் கருவிகளை இயக்கும் முறை அதிர்வு ஆற்றல் அறுவடை எனப்படும். பேட்டரி மாற்ற ஆள் சென்றுவர முடியாத இடங்களில் பொருத்தப்படும் கம்பியில்லா உணரிகளுக்கு இது பெரிதும் ஏற்றது.

இதில் இரு வழிகள் முதன்மையானவை. ஒன்று, பியர் கியூரியும் ஜாக் கியூரியும் 1880-இல் கண்டறிந்த அழுத்தமின் விளைவு. ஒரு முனை மட்டும் பிணைக்கப்பட்ட மெல்லிய தகட்டின் மேல் பி.இசட்.டி. என்னும் பீங்கான் படலம் ஒட்டப்பட்டு, மறுமுனையில் சிறு எடை வைக்கப்படும். தகடு வளையும்போதெல்லாம் படலத்தில் மின்னழுத்தம் தோன்றும். மற்றொன்று, 1831-இல் ஃபாரடே விளக்கிய மின்காந்தத் தூண்டல். இதில் சுருள்வில் தாங்கிய காந்தம் கம்பிச் சுருளுக்குள் அசைகிறது. இரண்டிலும் கிடைப்பது மாறுமின்னோட்டம். அது அலைதிருத்தி வழியே நேர்மின்னோட்டமாகி மின்தேக்கியில் சேர்கிறது.

கருவியின் இயல்பு அதிர்வெண் சூழலின் அதிர்வெண்ணோடு ஒத்திருந்தால்தான் போதிய மின்சாரம் கிடைக்கும். இந்தியாவில் மின்விநியோகம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மோட்டார், மின்மாற்றி போன்றவற்றில் 50, 100 ஹெர்ட்ஸ் அதிர்வுகள் மிகுதி. 10 கிராம் எடையும் 0.01 தடையுறு விகிதமும் (அதிர்வு தணியும் அளவும்) கொண்ட கருவி, 50 ஹெர்ட்ஸில் 1 மீ/வி² முடுக்கத்தில் அதிர்ந்தால், கோட்பாட்டளவில் அதிகபட்சம் சுமார் 0.2 மில்லிவாட் தரும். உணரி தொடர்ந்து இயங்க இது போதாது. ஆனால் ஒரு நிமிடத்தில் சேரும் 12 மில்லிஜூல், ஓர் அளவீட்டை எடுத்து வானொலி அலையில் அனுப்பப் போதும். எஞ்சிய நேரம் உணரி உறங்கியிருக்க வேண்டும்.

சென்னை தரமணியிலுள்ள, 1965-இல் தொடங்கப்பட்ட சி.எஸ்.ஐ.ஆர். கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் பாலங்கள், கட்டடங்களின் நலக் கண்காணிப்பை ஆராய்கிறது. ஆண்டுக்கணக்கில் ஆள் தொடாமல் இயங்கும் உணரிகள் தேவைப்படும் துறை இது. தில்லி ஐ.ஐ.டி.யில் சுரேஷ் பல்லா குழுவினர், கான்கிரீட்டில் பதித்த ஒரே அழுத்தமின் வில்லையை உணரியாகவும் மின்மூலமாகவும் பயன்படுத்தும் வழியை ஆராய்ந்துள்ளனர்.

பாலங்கள் பெரும்பாலும் சில ஹெர்ட்ஸ் அளவிலேயே, அதுவும் வண்டிகள் கடக்கும்போது மட்டுமே, குறிப்பிடத்தக்க அளவில் அதிர்வதால் அங்கு மின்சாரம் இன்னும் குறையும். பி.இசட்.டி. எளிதில் நொறுங்கும், அதில் ஈயமும் உண்டு. ஆகவே ஓய்வின்றிச் சுழலும் தொழிற்சாலை இயந்திரங்களே இன்று இம்முறைக்கு மிகப் பொருத்தமான களம்.