பாரிஸ் போய் வந்த பாறை

1910-இல் விக்தோர் கொலுபேவ் புகைப்படக் கருவியோடு இந்தியாவுக்கு வந்தார். பிறந்தது ரஷ்யாவில், குடியிருந்தது பாரிசில். அஜந்தா ஓவியங்களையும் தென்னாட்டுச் சிற்பங்களையும் படமெடுத்துக்கொண்டு 1911-இல் ஊர் திரும்பினார்.

அந்தப் படங்களில் சில சிற்பி ரோடினின் கைக்குப் போயின. சென்னை அருங்காட்சியகத்து நடராசரைப் படத்தில் மட்டுமே பார்த்த ரோடின், 1913 வாக்கில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவிட்டார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. நம்மில் பலர் சென்னையிலேயே இருந்தும் அந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததில்லை! கட்டுரை அச்சில் வந்தது 1921-இல். ரோடின் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் மாமல்லபுரத்துக்கு அந்தப் பயணத்தால் கிடைத்தது ஒரு வழக்கு. சுமார் 96 அடி நீளமும் 43 அடி உயரமும் உள்ள அந்தப் பாறைச் சிற்பத்தை ஊரே 'அர்ச்சுனன் தபசு' என்று சொல்லிவந்தது. 1914-இல் பாரிசின் 'ஜூர்னால் ஆசியாத்திக்' இதழில் கொலுபேவ் அதை மறுத்தார். ஒற்றைக்காலில் நிற்பவன் பகீரதன். நடுப்பிளவில் இறங்குவது கங்கை என்றார். பிளவில் நாகர்கள் கைகூப்பி மேலேறுகிறார்கள். பாறையின் உச்சியில் நீர் தேக்கிவிட இடம் செய்திருந்த தடயமும் உண்டு. பல்லவர் காலத்தில் உண்மையாகவே தண்ணீர் வழிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அர்ச்சுனன் கட்சி லேசில் விடவில்லை. தவசியின் அருகே சிவன் ஆயுதத்தோடு நின்று வரம் தருகிறார். அது பாசுபதம் பெற்ற கதைதானே என்று டி. என். ராமச்சந்திரன் போன்றோர் வாதாடினார்கள். என் ஓட்டு கங்கைக்கே. அர்ச்சுனன் கதைக்கு அத்தனை நாகர்கள் எதற்கு?

கொலுபேவ் பிற்பாடு இந்தோசீனாவுக்குப் போய், விமானத்திலிருந்து அங்கோரைப் படமெடுத்து, 1945-இல் ஹனோயில் காலமானார்.

படாளத்திலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் மாமல்லபுரம் போகிறவர்கள், பாறைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுப்பதற்கு முன் அந்தப் பிளவை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பாருங்கள். எந்தக் கட்சி என்பதைப் பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.