‘போடுதல்’ என்றொரு வினை

பலெர்மோவில், பல்லாறோச் சந்தைக்குப் பக்கத்துக் குசினி ஒன்றில் நான் கோப்பை கழுவிய காலத்தில், கூட வேலைசெய்த கிழவர் ஒருவரிடமிருந்து ‘லுப்பாரா பியாங்கா’ என்ற சொல்லைக் கற்றேன். லுப்பாரா, குழல் குறுக்கிய வேட்டைத் துவக்கு. ஓநாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். பியாங்கா என்றால் வெள்ளை. மாபியா ஒருவரைக் கொன்று உடலையும் இல்லாமற் செய்துவிட்டால் அதற்கு இந்தப் பெயர். ‘லோரா’ பத்திரிகையாளர் மௌரோ தெ மௌரோ 1970 செப்டெம்பர் 16இல் இந்நகரில், தன் வீட்டு வாசலில் வைத்துக் கடத்தப்பட்டார். உடல் கிடைக்கவேயில்லை.

உங்களிடமும் இப்படிச் சொற்கள் உண்டோ என்று கிழவர் கேட்டார். இல்லை என்றேன். அது பொய்.

எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் எங்களிடம் ‘மண்டையில் போடுதல்’ இருந்தது. ‘போடு’ எவ்வளவு சாதுவான வினை! தேத்தண்ணி போடலாம், கோலம் போடலாம், கையெழுத்துப் போடலாம். ‘கொல்’ கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. ஆனால் கொன்றால் அது கொலை. கொலையென்றால் கொலைகாரன், சாட்சி, விசாரணை. ‘போட்டிட்டாங்கள்’ என்றால் ஒன்றும் தொடராது. இலக்கணப்படி அது செய்வினை, செய்தவர்கள் விகுதிக்குள் இருக்கிறார்கள். ஆயினும் ‘ஆர்?’ என்று எவரும் கேட்பதில்லை. ‘ஏனாம்?’ என்றே கேட்டோம். அதற்கு விடைகள் தயாராக இருந்தன. 1975 ஜூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலடியில் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டபோது, ‘துரோகி’ ஏற்கெனவே மேடைகளில் பழகிய சொல். பிறகு மின்கம்பங்களில் ‘சமூகவிரோதி’. 1986இல் புலிகள் டெலோவை அழித்து, மே 6இல் சிறீசபாரத்தினத்தைக் கொன்றபோது ஊர் பெரும்பாலும் பார்த்துக்கொண்டு நின்றது.

அரசின் இலக்கணம் வேறு. 2016இன் சட்டம் அமைத்தது ‘காணாமற்போன ஆட்கள்’ பற்றிய அலுவலகம். போதல் தன்வினை, தானாகவே போனவர்கள்போல. (வெள்ளை வானில் ஏற்றப்பட்டவர்களும் இதற்குள் அடக்கம். வெள்ளை இங்கும் வந்துவிட்டது, தற்செயலாகத்தான்.) 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் குந்திய தாய்மார் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே சொன்னார்கள். ஆக்கியது ஆர் என்ற கேள்வி அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. இதே கேள்வியை இயக்கங்களிடமும் கேட்கவேண்டிய தாய்மார் எங்களிடையே உள்ளனர். அவர்களுக்கு நாம் எந்தச் சொல்லையும் ஆக்கிக் கொடுக்கவில்லை.

இயக்கங்களில் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பமுடியாது. என்னோடு படித்த ஒருவனைப் பற்றி ஒருநாள் அம்மா விசாரித்தா.

“அவனைப் போட்டிட்டாங்களாம்” என்றேன்.

“ஏனாம்?” என்றா அம்மா, சோற்றைப் போட்டுக்கொண்டே.