ஒன்றோ பலவோ: சைபனோபோராக்களின் பெயர் வரலாறு

வெப்பக் கடல்களில் நீலநிறக் காற்றுப்பையொன்றை நீர்மேல் உயர்த்தி, நீண்ட நச்சிழைகளைக் கீழே தொங்கவிட்டு மிதக்கும் உயிர் பிசாலியா. மாலுமிகள் அதனைப் போர்த்துக்கேயப் போர்க்கப்பல் என்றனர். காண்போர் அதனைச் சொறிமுட்டை என்றே கருதுவர். ஆயின் அது சைபனோபோரா என்னும் வேறொரு வருணத்தைச் சேர்ந்தது. சுவீடிய அறிஞர் இலின்னேயஸ் 1758 இல் அதற்கு அளித்த சாதிப்பெயர் ஹொலோதூரியா என்பதாகும். இன்று அப்பெயர் கடலட்டைக்கு உரியது! பிசாலியா என்னும் சாதியை 1801 இல் வகுத்தவர் பிரான்சிய அறிஞர் இலமார்க்கு.

இவ்வுயிர்களை நேரிற் கண்டு விவரித்த முன்னோடிகளுள் ஒருவர் போர்ஸ்கால். தேனிய மன்னர் அராபியாவுக்கு அனுப்பிய ஆய்வுக்குழுவிற் சென்ற அவர், 1763 இல் யேமன் நாட்டிற் காய்ச்சலால் மாண்டார். அவருடைய குறிப்புகளை 1775 இல் அச்சேற்றியவர், அக்குழுவில் உயிருடன் மீண்ட ஒரேயொருவரான நீபூர். 1829 இல் எஷ்சோல்ஸ் என்பவர், குழாய் தாங்கிகள் எனப் பொருள்படும் சைபனோபோரா என்னும் பெயரை இக்கூட்டத்துக்குச் சூட்டினார்.

பெயர் கிடைத்தது, குழப்பமோ தீரவில்லை. இவற்றுட் சிலவற்றில், நீண்ட தண்டின் நுனியிலுள்ள உறுப்புத் தொகுதிகள் முதிர்ந்ததும் கழன்று, தனியே நீந்திச் சென்று இனப்பெருக்கஞ் செய்யும். அத்துண்டுகளைத் தனி விலங்குகளெனக் கொண்டு யூடொக்சியா என்னும் சாதிப்பெயர் இடப்பட்டது. அவை பெரிய விலங்கின் பிரிந்த பகுதிகளே என்பதை 1850 களில் லொய்க்காட் முதலிய செர்மானிய அறிஞர் நிறுவினர். அதுவரை, தாய்க்கொரு பெயரும் சேய்க்கொரு பெயருமாக ஓரினமே ஈரினமாக எண்ணப்பட்டது.

இதனடியில் இருந்தது ஆழ்ந்ததொரு வினா: ஒரு சைபனோபோரா ஓருயிரா, பல உயிர்களின் கூட்டமா? றற்றில்ஸ்நேக் கப்பலிற் பயணஞ் செய்த ஹக்ஸ்லி, ஒரு முட்டையிலிருந்து தோன்றுவன அனைத்தும் சேர்ந்து ஓருயிரே என 1859 இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். லொய்க்காட்டும் வோக்டும் அதனைக் கூட்டமென்றே கொண்டனர். தனியுயிர் எதுவெனத் துணியாதவர் இனத்தை எண்ணுவது எங்ஙனம்?

1881 இன் இறுதியில் இலங்கைக்கு வந்து, வெலிகாமத்துத் தங்குமடத்தையே ஆய்வுகூடமாக்கிக் கடலுயிர்களை ஆராய்ந்த ஹெக்கல், சலஞ்சர் கப்பலாய்வு அறிக்கையின் சைபனோபோராப் பகுதியை 1888 இல் வெளியிட்டார். அதன் படங்கள் கண்ணைக் கவர்வன. ஆயின் அவற்றின் ஒழுங்கு இயற்கையை விஞ்சியது. பெயர்களையும் அவர் தாராளமாகவே வழங்கினார். வெலெல்லாவையும் போர்ப்பிற்றாவையும் இவ்வருணத்துள் அடக்கினார். பின்வந்தோர் அவற்றை வெளியேற்றினர். தேவையற்ற பெயர்களைக் களையும் நெடும்பணியை மேற்கொண்டவர் இலண்டன் அரும்பொருட் காட்சிச்சாலையைச் சேர்ந்த ரொற்றன். அவருடைய தொகுப்புநூல் 1965 இல் வெளிவந்தது. பிசாலியாச் சாதியில் ஓரினமே உண்டென்பது அவர் முடிபு.

அம்முடிபும் நிலைக்கவில்லை. உலகக் கடல்களிற் சேகரித்த 151 பிசாலியாக்களின் மரபணுத்தொகையை ஆராய்ந்து 2025 இல் வெளிவந்த கட்டுரையொன்று, குறைந்தது நான்கினங்கள் உண்டெனக் காட்டிற்று. அவற்றுள் இரண்டுக்கு, 1788 இல் இடப்பட்ட உத்திரிக்குலஸ், 1807 இல் இடப்பட்ட மெகலிஸ்ரா என்னும் கைவிடப்பட்ட பழம்பெயர்களே மீண்டும் உரியவாயின. மினூற்றா என்பது மட்டுமே புதுப்பெயர்.