பதினைந்து படுக்கைகள்

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சற்றுத் தள்ளி, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்கே பெருமாள் கோயில் சுவரில் ஓர் ஆஸ்பத்திரியே எழுதப்பட்டிருக்கிறது.

காலம் 11-ஆம் நூற்றாண்டு. வீரராஜேந்திர சோழனின் ஆட்சி. ஆதுலசாலையின் பெயர் வீரசோழன். படுக்கைகள் 15. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியைக்கு ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பேணப் பெண்கள் இருவர். மருந்துப் பட்டியலும் உண்டு. அதில் வாசாஹரீதகி என்ற பெயரைக் கண்டதும் நின்றுவிட்டேன். வாசா என்பது நம் ஆடாதோடை. இருமலுக்கும் இளைப்புக்கும் கொடுப்பது. மூச்சு முட்டியவர்கள் அன்றும் அந்தப் படுக்கைகளில் கிடந்திருக்க வேண்டும்!

இளைப்புக்குக் காரணங்கள் எத்தனையோ. அவற்றுள் ஒளிந்து நிற்கும் ஒன்றைச் சொல்கிறேன். புற்றுநோய் உள்ளவர்களுக்கு இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டிக்கொள்வதுண்டு என்று 1865-ல் பாரிஸ் வைத்தியர் துரூசோ எடுத்துக்காட்டினார். 1867-ல் அதே அடையாளத்தைத் தம் உடம்பிலேயே கண்டார். தம் முடிவையும் தெரிந்துகொண்டார். அவ்வாண்டே வயிற்றுப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அத்தகைய உறைகட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் மூச்சுத் திணறும். அதற்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உண்டு.

ஆனால் சில சமயம் நுரையீரலுக்குப் போய்ச் சேர்வன புற்றணுக்களே. மிக நுண்ணிய குழாய்களில் அவை தங்கிவிட, குழாயின் உட்சுவர் தடித்து வழி அடைபடுகிறது. இருதயத்தின் வலப்பக்கம் தள்ளித் தள்ளிச் சோர்ந்துபோகிறது. எக்ஸ்ரேயிலோ ஒன்றுமே தெரியாமல் போகலாம்! 1990-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள். இறந்தவர்களின் உடலைச் சோதித்துத்தான். இன்றும் பலருக்கு இறந்த பிறகே இது தெரியவருகிறது. உயிரோடிருக்கும்போதே கண்டுபிடிக்க இருதய எக்கோ, நுரையீரலின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன், அங்கிருந்து குழாய் வழியே எடுத்த இரத்தத்தில் புற்றணுவைத் தேடுதல் ஆகியவை உதவுகின்றன. மூலப் புற்றுநோய்க்கு உடனே மருந்து தர வேண்டும். இமாடினிப் என்னும் மருந்து சிலருக்குக் கைகொடுத்திருக்கிறது.

1954-ல் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியபோது படுக்கைகள் 12. சோழன் சாலையில் இருந்ததைவிட மூன்று குறைவு! அது இன்று எப்படி வளர்ந்திருக்கிறது! உத்திரமேரூர்க்காரர்களுக்கு இன்னும் அருகில், காஞ்சிபுரத்துக் காரப்பேட்டையில், அண்ணா பெயரால் ஒரு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

ஆகவே, வீட்டில் புற்றுநோய் கண்டவர் ஒருவர் இருந்து, அவருக்குத் திடீரென்று இளைப்பு வந்தால், "எக்ஸ்ரே நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். இந்த நோய் வாரக்கணக்கில் தவணை தருவதில்லை.