குதிரை லாயத்திலிருந்து குப்பம் வரை

"பழவேற்காட்டு மீனவக் குப்பத்துல நமக்கு என்ன சார் வேலை? அது மீன்வளக் கல்லூரிக்காரங்க பார்க்க வேண்டியது தானே?" என்று இளைய மாணவர்கள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன் நம் படிப்பு நடந்து வந்த பாதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

தமிழ்நாட்டுக்குக் குதிரை கடல் வழியாக வந்த செல்வம். காவிரிப்பூம்பட்டினத்தில் அப்படி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலையே பேசுகிறது. 13-ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் காயலில் அரபு, பாரசீகக் குதிரைகள் ஏராளமாக இறங்கின. பிற துறைமுகங்களையும் சேர்த்து ஆண்டுக்குப் பத்தாயிரம் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் எழுதுகிறார். கணக்கு சற்று மிகையாக இருக்கலாம். ஆனால் இத்தனை குதிரை ஏன் வருஷா வருஷம் தேவைப்பட்டது?

1292 வாக்கில் இங்கு வந்த மார்க்கோ போலோ காரணம் சொல்கிறார். வந்த குதிரைகளில் பெரும்பாலானவை அந்த வருஷமே செத்துப்போயின. பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. குதிரை வைத்தியர் யாரையும் வியாபாரிகள் இங்கு வரவிடவும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்! இறைச்சி சேர்த்து வேகவைத்த சோற்றை அவற்றுக்குத் தீனியாகப் போட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

நம் மாணவருக்கு இது உடனே புரியும். குதிரையின் இரைப்பை சிறியது. அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஒரே வேளையில் மாவுப்பொருளைக் கொட்டினால் பெருங்குடலில் புளித்து வயிற்றுவலி வரும், குளம்பு அழற்சி வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை தீனி, முதலில் தண்ணீர் பிறகு கொள்ளு, தினமும் குளம்பைத் தூக்கிப் பார்ப்பது, ஆறு வாரத்துக்கொரு முறை லாடம் கழற்றிக் குளம்பைச் சீவுவது. குதிரைப் பராமரிப்பின் அரிச்சுவடி இவ்வளவுதான். நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரச் சுவடி தஞ்சை சரசுவதி மகாலில் உண்டு. ஆக, நாட்டில் அறிவு இல்லாமல் இல்லை. கயிற்றைப் பிடித்தவன் கைக்கு அது வந்து சேரவில்லை.

வெள்ளைக்காரன் காலத்திலும் முதல் மரியாதை குதிரைக்குத்தான். ஓசூர் கால்நடைப் பண்ணை 1824-ல் கம்பெனிப் படைக்குக் குதிரை தருவதற்காகத் தொடங்கப்பட்டது. சைதாப்பேட்டையில் 1868-ல் வேளாண்மைப் பள்ளி வந்தது. பயிரோடு கால்நடையும் அங்கே பாடமாயிற்று. 1906-ல் அது கோயமுத்தூருக்குப் போனது. அதற்கு முன்பே, 1903-ல், வேப்பேரி டாபின் ஹாலில் 20 மாணவர்களோடு நம் கல்லூரி தனியாகப் பிறந்துவிட்டது. ஜட்காவும் கோச்சு வண்டியும் ஓடிய பட்டணம் அது. குதிரை தெரியாதவன் அப்பல்லாம் கால்நடை டாக்டரே இல்லை! 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பு வந்தது. 1976-ல் வேளாண் பல்கலைக்கழகத்தின் குடைக்கீழ் போனோம். 1989-ல் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் அமைந்தது.

இதற்கிடையில் பாடப்புத்தகத்தின் முதல் பிராணி மாறிவிட்டது. மோட்டார் வந்தது, குதிரை பின்னுக்குப் போனது, உழவனின் மாடு முன்னுக்கு வந்தது. மந்தை மந்தையாக மாட்டைக் கொன்ற வெக்கை நோயை எதிர்த்து நம்மவர்கள் ஊர் ஊராகத் தடுப்பூசி போட்டார்கள். 2006-ல் இந்தியாவும் 2011-ல் உலகமும் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. அதன் ஒன்றுவிட்ட தம்பியான ஆட்டுக்கொல்லி நோய் 1987-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். ஏழையின் ஆடு அப்போதுதான் நம் பாடத்தில் கனமான இடம் பிடித்தது.

இப்போது பழவேற்காட்டுக்கு வருவோம். சரித்திரத்தில் அது டச்சுக்காரர்களின் ஊர். 1613-ல் கெல்ட்ரியா கோட்டை எழுந்த துறைமுகம். கப்பலேறிய துணிக்குக் கணக்கு உண்டு. குப்பத்து ஆட்டுக்கு யார் கணக்கு எழுதினார்கள்? ஏரியில் 'பாடு' என்று முறை வைத்து மீன் பிடிக்கிறார்கள். பாடு இல்லாத நாளில் கையில் காசு இல்லை. அன்றைக்கு வாசலில் கட்டியிருக்கும் ஆடுதான் பேங்கு. சுற்றிலும் உப்புத் தண்ணீர், ஈர மண். ஆட்டுக்கு நல்ல தண்ணீரும் காய்ந்த தரையும் தேடித்தான் கொடுக்க வேண்டும்.

கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை வயிறு முட்டத் தின்ற ஆடு மறுநாள் வயிறு உப்பிச் சாகிறதே, அதன் பெயர் என்ன? நாம் வகுப்பில் படித்த அமிலநோய்தான். காயலில் அரசன் குதிரைக்கு எமனாக வந்த அதே சோறு! எழுநூறு வருஷம் போனாலும் பாடம் மாறவில்லை. பிராணியும் உடையவரும்தான் மாறியிருக்கிறார்கள்.

பழவேற்காட்டுக்குப் போகும் வழியில், பொன்னேரியில் 2012-லிருந்து மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மீனை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆட்டுக்கொல்லிக்கும், கோழியின் வெள்ளைக்கழிச்சலுக்கும் தடுப்பூசி, குடற்புழு மருந்து, 'சோறு போடாதீங்கம்மா' என்ற ஒரு வார்த்தை, இவற்றைக் கொண்டுபோக வேண்டியவர்கள் நாம். அரசனின் குதிரைக்காகத் தொடங்கிய படிப்பு மீனவப் பெண்ணின் நாலு ஆடு வரை போய்ச் சேர்ந்தால்தான் அது முழுப் படிப்பு. இளைய தலைமுறை அந்த மிச்சத் தூரத்தை நடக்கட்டும். கூட வர மூத்தவர்கள் நாங்களும் தயார்!