மண்டியிட்ட கருடன்

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்கு மேலே பருந்துகள் வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். எப்போதாவது ஒரு நாள், வெள்ளைத் தலையும் செங்காவி இறக்கையுமாக ஒரு செம்பருந்து வந்துவிட்டால், பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அது கருடன். பெருமாள் கோயில் வாகன மண்டபத்தில் இருக்கும் கருடனுக்கோ மனித உடம்பு, மனிதக் கைகள். மூக்கும் முதுகின் இறக்கையும் மட்டுமே பறவைக்கு உரியவை. “இத்தனை சின்ன இறக்கையை வச்சுண்டு இவர் எப்படித் தாத்தா பறப்பார்?” என்று ஆதிகேசவப் பெருமாள் கோயில் வாசலில் நான் கேட்டபோது எனக்கு எட்டு வயது. தாத்தா கோபித்துக்கொள்ளவில்லை. “காலைப் பாருடா” என்று மட்டும் சொன்னார். அது புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

முதலில் இறக்கைக் கணக்கு. செம்பருந்தின் எடை சுமார் அரைக் கிலோ. விரித்த இறக்கை 1.2 மீட்டரை ஒட்டி வரும். உருவம் இரு மடங்கானால் இறக்கைப் பரப்பு 4 மடங்காகும், எடையோ 8 மடங்காகிவிடும். அதே பறவையை 60 கிலோவுக்கு வளர்த்தால் இறக்கை ஏறக்குறைய 6 மீட்டர் நீள வேண்டும். அப்போதும் காற்றில் நிற்க, செம்பருந்தைப்போல் இரு மடங்குக்கு மேல் வேகம் தேவை. நெசவாளர்களுக்காக 1734-இல் உருவான இந்தப் பேட்டையின் சில சந்துகளில் அந்த இறக்கை விரிய இடமே இருக்காது. அப்படி ஒரு பறவை உண்மையிலேயே இருந்திருக்கிறது. அர்ஜென்டினாவில் புதைபடிவமாகக் கிடைத்த அர்ஜென்டாவிஸ் சுமார் 70 கிலோ இருந்திருக்கும் என்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் மேலெழும் காற்றில் மிதந்துதான் போயிருக்க வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய சிக்கலாகப் படுவது மார்பு. பறவையின் இறக்கை என்பது அதன் கைதான். அதை அடிக்கும் தசை, நெஞ்செலும்பில் படகின் அடிமரம்போல் துருத்தி நிற்கும் முகட்டைப் பற்றிக்கொண்டிருக்கிறது. புறாவின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது அந்தத் தசைதான். கருடனுக்குக் கையும் உண்டு, இறக்கையும் உண்டு. மார்போ நம்முடையதைப் போன்றது. இத்தாலியரான பொரெல்லி விலங்குகளின் இயக்கம் பற்றி எழுதி 1680-இல் வெளிவந்த நூலில், மனிதன் தன் தசை வலிமையால் இறக்கை கட்டிப் பறக்க முடியாது என்று முடிவு சொல்லிவிட்டார்.

மூன்று நூற்றாண்டு கழித்து மனிதன் பறந்தான். 1979 ஜூன் 12 அன்று பிரையன் ஆலன் என்ற சைக்கிள் வீரர் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். ‘காஸமர் ஆல்பட்ராஸ்’ என்ற அந்த விமானத்தின் இறக்கை ஏறத்தாழ 29 மீட்டர். கடக்க 2 மணி 49 நிமிடம் ஆனது. கையை அடித்து அல்ல, பெடலை மிதித்து. மனிதனின் பலம் காலில் இருக்கிறது.

தாத்தா காட்டியதும் அதைத்தான். வாகனக் கருடன் ஒரு காலை மண்டியிட்டு, மறுகாலை ஊன்றி இருக்கிறார். பறவைகள் தரையை விட்டு எழும்போது முதல் உந்தலைப் பெரிதும் கால்களே தருகின்றன. நம் சிற்பி கருடனைப் பறக்கும் நிலையில் செய்யவில்லை, எழப்போகும் கணத்தில் செய்திருக்கிறார். கைகள் பெருமாளின் திருவடிக்கு, இறக்கை அடையாளத்துக்கு, வேலை முழுவதும் காலுக்கு. இதை யோசிக்காமல் வடித்திருக்க முடியாது என்றே நம்புகிறேன்.

எடையையும் நம்மவர்கள் மறக்கவில்லை. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில், சந்நிதியிலிருந்து 4 பேர் தூக்கிவரும் கல் கருடன் வெளியே வரவர கனத்துக்கொண்டே போகிறார் என்பது ஐதிகம். 8 பேர், 16, 32 என்று கூடி 64 பேர் தோள் கொடுக்கிறார்கள். திரும்பும்போது அதே வரிசையில் குறைகிறார்கள்.

கருட சேவையன்று, வாகனத்தைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளைக் கவனித்திருக்கிறேன். பெருமாளை ஏளப்பண்ணும் முன், தண்டுக்குக் கீழே தோளை வைத்து, ஒரு முழங்காலைத் தரையில் பதித்து, மறுகாலை ஊன்றிக் காத்திருப்பார்கள். மேலே கருடனும் அப்படியே இருப்பார். நாதஸ்வரம் தொடங்கியதும் எல்லோரும் ஒன்றாக எழுவார்கள்.